தீவில் நிரப்பிய காற்று

என் கணவருக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. லைனில் வரும் கார்களுக்குச் சக்கரம் மாட்டி, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார். படப்பையில் எங்கள் வாசலில் யார் பைக்கை நிறுத்தினாலும் முதலில் டயரைத்தான் அமுக்கிப் பார்ப்பார். வந்தவரை வாங்க என்று கூப்பிடுவது அதற்குப் பிறகுதான்.

போன வருடம் அவர் ஷிப்டில் வேலை செய்யும் இன்னொருவரின் குடும்பத்தோடு ஒரு மணல் தீவில் கூடாரம் போட்டுத் தங்கப் போனோம். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் வெறும் திட்டு அது. வழிகாட்டி ஒரு ஜீப்பில் முன்னால் போவார். அவர் தரும் இன்னொரு ஜீப்பை நாமே ஓட்டிக்கொண்டு பின்னால் போகலாம். அந்த ‘நாமே’யில்தான் இவர் விழுந்தார். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது.

மணல் தொடங்கும் இடத்தில் வழிகாட்டி இறங்கி, இரண்டு ஜீப்பின் டயர்களிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். இவர் முகம் சுருங்கியது.

“இன்னாண்ணே, இப்டி சப்பையா கீது? ரிம்மு அடிவாங்கும்.”

“டயர் பரவலா இருந்தாதான் சார் மணல்ல பொதையாது. திரும்பி ரோட்டுக்கு வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க.”

தீவுக்கும் கரைக்கும் நடுவே கால்வாய் போல ஒரு தண்ணீர். முழங்கால் ஆழம்தான், சுலபமாகத் தாண்டிவிட்டோம். காலையில் கடல் தண்ணீர் உள்ளே ஏறிவிடும், அதற்கு முன் கிளம்பியாக வேண்டும் என்று வழிகாட்டி இரண்டு தடவை சொன்னார்.

தீவு எனக்குப் பிடிக்கவே இல்லை. நாங்கள் வந்த சக்கரத் தடத்தைச் சாயங்காலத்துக்குள் மணல் மூடிவிட்டது. கரை ஒதுங்கிக் கிடந்த செருப்புகளில் ஒன்று என் மகளின் அளவு. அவள் பார்ப்பதற்குள் காலால் மணலைத் தள்ளி மூடினேன். சாப்பிடும்போதுகூட வழிகாட்டி தண்ணீர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்தபோது அவர் கால்வாயைப் பார்க்க நடந்து போயிருந்தார். இவர் வண்டியில் இருந்த பம்பை மாட்டி, எங்கள் ஜீப்பின் நாலு டயருக்கும் காற்று நிரப்பிக்கொண்டிருந்தார்.

“கை வைக்காதீங்கன்னு அவர் சொன்னாரே?”

“ரோட்டுக்குத்தானே போறோம். இத்தினி வருஷத்துல காத்து கம்மியா ஒரு வண்டிய வெளிய வுட்டதில்ல நான்.”

கடலுக்கு உங்கள் லைன் கணக்கெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார்.

வழிகாட்டி ஓட்டமாக வந்தார். நினைத்ததைவிடச் சீக்கிரம் ஏறுகிறது, உடனே கிளம்புங்கள் என்றார். டயரைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. மற்றக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவர் ஜீப் கால்வாயில் இறங்கி அக்கரை ஏறிவிட்டது. பின்னால் போன நாங்கள் நடுத் தண்ணீரில் நின்றோம். இவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றியதே தவிர, வண்டி மணலுக்குள் கீழே கீழே இறங்கியது. கதவுக்கு அடியில் தண்ணீர் உள்ளே வந்தது. மகள் கால்களைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, “அப்பா, போப்பா” என்றாள்.

வழிகாட்டி இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பி வந்தார். குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார்.

“காத்து அடிச்சீங்களா?”

இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“வண்டிய வுடுங்க. பாப்பாவ எங்கிட்ட குடுங்க.”

“நானே தூக்கினு வரேன்.”

“வேணாம் சார். குழி எங்க கீதுன்னு எனக்குத்தான் தெரியும்.”

அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி நானும் இவரும் பின்னால் போனோம். தண்ணீர் என் மார்பு வரை வந்து இழுத்தது. முன்னால் போகிறவரின் கால் ஒரு தடவை இடறினால் மகள் போய்விடுவாள். எனக்கு வேறு நினைப்பே இல்லை. பக்கத்தில் வந்த என் கணவரை அந்த நேரத்தில் வெறுத்தேன்.

கரை ஏறியதும் இவர் கைகளை நீட்டி, “வாடா கண்ணு, அப்பாகிட்ட வா” என்றார். அவள் வழிகாட்டியின் தலைமுடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கூப்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போ என்று நானும் சொல்லவில்லை.