பச்சை அட்டை

எனக்குப் பூட்டு செய்யத் தெரியும், பல்லிளிக்கத் தெரியாது. என் அண்ணனுக்கு என்மேல் இருக்கும் நிரந்தரப் புகார் இதுதான். "நாலு பேருகிட்ட கலகலன்னு பேசு. உம்முன்னு உக்காந்திருந்தா எவன் வாங்குவான்?" என்பான்.

குழந்தைகள் மருந்து அலமாரியைத் திறந்துவிடாதபடி நான் செய்த பூட்டை விற்க ஒரு முகவர் வேண்டும். பூட்டு, கைப்பிடி விற்பவர்கள் கூடும் இந்த வணிகக் கண்காட்சியிலும் கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு அண்ணன் கம்பெனியில் வேலைக்குச் சேருவதாக வீட்டில் ஒத்துக்கொண்டிருந்தேன். அவனும் பூட்டு வியாபாரிதான். அரங்கின் நட்டநடுவே அவனுடைய ஸ்டால். எனக்குக் கழிப்பறையை ஒட்டிய மூலை. "வர்ற பெரிய ஆளுங்களை உனக்கு அறிமுகப்படுத்துறேன்" என்று அம்மா முன்னால் வாக்குக் கொடுத்திருந்தான்.

அங்கே எல்லோர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். விற்க வந்தவர்களுக்கு நீலம், வாங்க வந்தவர்களுக்குப் பச்சை. எதிரே வருகிறவரின் கண் முதலில் அட்டைக்குத்தான் போகும். நீலம் என்றால் நாம் இருப்பதே தெரியாததுபோல் நடந்துவிடுவார். நாக்கு உலர வணக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அண்ணனிடம் போய் நின்றால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அப்புறம் வா" என்று கையை ஆட்டினான்.

கடைசி நாள் காலை, கயிறு அறுந்து என் அட்டை எங்கோ விழுந்துவிட்டது. வாசலில் வேறு அட்டை கேட்டேன். அங்கிருந்த பெண் ஃபோனில் பேசிக்கொண்டே பச்சையை நீட்டிவிட்டாள். நானும் கவனிக்காமல் மாட்டிக்கொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தது கூத்து. நேற்று முகம் திருப்பிய கைப்பிடி வியாபாரி காபியோடு ஓடி வந்தார். கீல் விற்பவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "மேடம், ஒரே நிமிஷம்!" குனிந்து அட்டையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூட்டை விடுங்கள், இத்தனை நாளில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்திருக்கவில்லை!

அட்டையை மாற்றிக்கொள்ள வாசலுக்குத் திரும்பினேன். போகிற வழியில்தான் அண்ணன் ஸ்டால். ஓரக்கண்ணில் பச்சை பட்டதுமே துள்ளி எழுந்தான்.

"வாங்க வாங்க மேடம்! உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்!"

வாயெல்லாம் பல். நான் பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத சிரிப்பு. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

"நீயா? சே! இதை எங்க புடிச்ச? கழட்டி உள்ள வை, என் மானத்தை வாங்காத."

"மானமா? அம்மா முன்னாடி குடுத்த வாக்கு எங்க போச்சு?"

"கத்தாதடி, பெரிய ஆளுங்க வர்ற நேரம்."

"வரட்டும்! தங்கச்சி வந்து நின்னா தலையைத் தூக்க மாட்ட. அட்டை வந்தா எழுந்து நிக்கிறியா?"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. நாலு பேரிடம் பேசத் தெரியாதவள், நானூறு பேர் கேட்கப் பேசிவிட்டேன். பச்சை அட்டையைக் கழற்றி அவன் கழுத்திலேயே மாட்டினேன்.

"போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நில்லு. உன் சிரிப்பு உனக்காவது கிடைக்கட்டும்."

முகவர் கிடைக்கவில்லை. ஒத்துக்கொண்டபடி திங்கட்கிழமை நான் அண்ணன் கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும். பட்டறையைத்தான் திறந்தேன். கடை கடையாக ஏறி நானே கேட்டுப் பார்ப்பது என்று பூட்டுகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து வாசலை மறித்து நின்றாள்.

"வேலைக்குச் சேருறேன்னு சொன்னியே, குடுத்த வாக்கு என்னடி ஆச்சு?"

"அதை முதல்ல உன் மகன்கிட்ட கேளும்மா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.