காத்தாயி என்று பெயர் வைத்தேன்

ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் பெயர் என்ன என்று முதலில் கேட்பவர்கள் சொந்தக்காரர்கள். மலாயாவில் என் மகளின் பெயரை முதலில் கேட்டவர் துப்பாக்கியோடு நின்ற ஒரு போலீஸ்காரர். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்காரர்களுக்கு யாரும் அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாதென்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் வாசலில் தடவிப் பார்ப்பார்கள். பிறந்து இருபது நாளான என் மகளின் இடுப்புத் துணியையும் ஒரு போலீஸ்காரி அவிழ்த்துப் பார்த்தாள். அரிசி இல்லை, வேறொன்று இருந்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைத் துடைக்க, என் மனைவி லட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பெயர் பதியப் போலீஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்; இங்கே பிறப்பை அங்கேதான் பதிவார்கள். என்ன பெயர் என்பதில் வீட்டில் இரண்டு நாளாகச் சண்டை.

லட்சுமி இங்கேயே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வசந்தா என்று வைக்க வேண்டுமென்பது அவள் ஆசை. நான் காத்தாயி என்றேன். "என்னாங்க இது, கெழவிங்க பேரு? பள்ளிக்கூடத்துல புள்ளங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அது என் அக்காவின் பெயர் என்றேன். செத்துப்போனவள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். எப்படிச் செத்தாள் என்பதை நான் சொல்லியிருக்கவில்லை.

போலீஸ் நிலையத்து முற்றத்தில் மூன்று பிணங்களைக் கிடத்தியிருந்தார்கள். காட்டில் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள். யாருக்காவது அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகவும், எல்லோரும் பார்த்துப் பயப்படுவதற்காகவும் அப்படிப் போட்டுவைப்பது இங்கே வழக்கம். அதில் ஒருத்தி பெண். தலைமுடி ரத்தத்தில் ஊறிக் காய்ந்திருந்தது. லட்சுமி குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரர் என்னைப் பார்த்து, "நாமா சியாப்பா?" என்று பெயரைக் கேட்டார். காத்தாயி என்றேன். எழுதத் தெரியாமல் திணறினார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அது என் 'காக்கா'வின் பெயர், மலாயில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள், அவள் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் வெளியே கிடந்தவர்களைப் பார்த்தபடி, "ஓராங் ஜாஹாட்?" என்று கேட்டார். கெட்டவர்கள் கொன்றுவிட்டார்களா என்று அர்த்தம். காட்டுக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள். ஆமாம் என்றேன். பாவம், அந்த மனிதர் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கொன்றது என் தகப்பன் என்று சொல்ல எனக்கு மலாயும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.

எங்கள் ஊர் கீரனூரிலிருந்து நாலு மைல். பிறந்த குழந்தைக்கு அத்தைதான் பெயர் சொல்ல வேண்டும். தகப்பனுடன் பிறந்தவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லித் தொட்டிலில் கிடத்துவாள். அப்புறந்தான் மற்றவர்கள் அந்தப் பெயரை வாயால் சொல்லலாம். எனக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒருத்தி. "ஒனக்குப் பொறக்கிற புள்ளைக்கு நாந்தான்டா பேரு சொல்லணும். சீல எடுத்துக் குடுக்காட்டி ஊமைன்னு பேரு வச்சுருவேன்" என்று என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பாள்.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவள் எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்ட வந்த ஒருவனோடு திருச்சிக்குப் போய்விட்டாள். அவன் எங்கள் ஆள் இல்லை, வேறு சாதி. ஒரு மாதம் ஐயா, என் தகப்பன், யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "நீ போயிக் கூப்புட்டா வருவா. ஒண்ணும் செய்ய மாட்டோம்னு சொல்லு. நாங்களே முறையா தாலி எடுத்துக் குடுக்கிறோம்னு சொல்லு" என்றார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. நம்பினேனா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்ப ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. திருச்சியில் அக்கா என்னைப் பார்த்ததும் அழுதாள். பஸ்ஸில் வரும்போது, "நெசமாவே ஐயா ஏசலையாடா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "இல்லக்கா, நான் சொல்றேன்ல" என்றேன்.

கீரனூரில் இறங்கி நடந்தோம். பொழுது சாய்கிற நேரம். எங்கள் கடலைக்கொல்லையில் ஐயாவும் சித்தப்பாவும் நின்றார்கள். ஐயா கையில் அரிவாள் இருந்ததை என்னைவிட அவள் முன்னால் பார்த்துவிட்டாள். ஓடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். சித்தப்பா அவள் முடியைப் பிடித்து இழுத்தார். மூன்று வெட்டு. முதல் வெட்டிலேயே விழுந்துவிட்டாள். மிச்ச இரண்டும் ஐயாவின் ஆத்திரத்துக்கு. "போடா வீட்டுக்கு" என்று என்னை அதட்டினார். நான் போனேன். பேதியில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்லி, விடிவதற்குள் எரித்துவிட்டார்கள். ஊரும் பேதி என்றே சொன்னது. பெற்ற ஆத்தாவை மட்டும் இரண்டு நாள் நெல் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் நான் கப்பலேறிவிட்டேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவைப் பாம்பு கடித்தது, இரண்டு உழவு மாடு செத்தது, கோடாங்கி வந்து செத்தவள் கோபமாக இருக்கிறாள் என்று குறி சொன்னான். உடனே அவளை வீட்டுச் சாமியாக்கி, புதுப் பெட்டி வாங்கி, அவளுக்கென்று சேலையும் வளையலும் வைத்து, வீட்டு மூலையில் விளக்கேற்றிவிட்டார்கள். வெட்டிய கையே கற்பூரம் காட்டியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இங்கே பிள்ளையைக் கொன்றுவிட்டுத் தொட்டிலை ஆட்டினார்கள்.

லட்சுமி மாசமாக இருக்கிறாள் என்று நான் எழுதியதற்கு வந்த பதிலில் இதெல்லாம் இருந்தது. எழுதியது ஊர் வாத்தியார், சொன்னது ஐயா. பெண் பிறந்தால் காத்தாயி என்றே பெயர் வைக்க வேண்டும், வீட்டின் முதல் பெண்ணுக்கு அந்தப் பெயர் வந்தால்தான் அக்காவின் மனம் குளிரும் என்று கோடாங்கி சொல்லிவிட்டானாம். கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்தப் பெயரை வைக்க வேண்டுமென்று எனக்குள் நானே முடிவு செய்து நாளாகியிருந்தது. நான் ஆசையாக நினைத்ததை அவர் பரிகாரமாகக் கேட்கிறார். வைத்தால் கொலைகாரனுக்கு நிம்மதி. வைக்காவிட்டால் அவள் பெயர் இந்த உலகத்தில் இல்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இங்கே காத்தாயி என்று பதிந்தேன். ஊருக்கு வசந்தா என்று எழுதினேன்.

போலீஸ் நிலையத்திலிருந்து திரும்பியதும் லட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்த் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து வந்தாள். பிறகு குழந்தையை என் மடியில் வைத்து, "அவங்க இல்லாட்டி என்னா, நீங்களே காதுல சொல்லுங்க" என்றாள். மூன்று தடவை சொன்னேன். 

அதன் பிறகு ஆறு வருஷம் ஐயா எழுதிக்கொண்டே இருந்தார். பெயரை மாற்று, இரண்டாவது பெயராகவாவது வை என்று கெஞ்சினார். ஒவ்வொரு கடிதத்தையும் ருசித்துப் படித்தேன். என்னால் அரிவாள் எடுக்க முடியவில்லை, இதை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் என்ன, சந்தோஷமாக இருந்தது.

ஆத்தா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று தந்தி வந்தபோதுதான் மூவரும் கப்பலேறினோம். அங்கே உன் பெயர் வசந்தா என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அது விளையாட்டு. வாசலில் இறங்கியதும் ஐயா குனிந்து, "ஒம் பேரென்ன தாயீ?" என்று கேட்டார். வசந்தா என்றாள். பக்கவாட்டில் திரும்பி என்னிடம், "அந்தப் பேர வச்சா நீ என்னடா கொறஞ்சா போயிருவ? எந்நேரமும் வந்து நிக்கிறாடா" என்றார். "நிக்கட்டும்" என்றேன்.

ஆத்தா என்னைத் தலைமாட்டில் உட்காரச் சொன்னாள். பெட்டி வைத்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அக்காவைச் சாமி என்றுதான் சொல்லவேண்டுமாம். பெயர் சொன்னால் குற்றமாம். "எம் மகள நான் பேரு சொல்லிக் கூப்புட்டுப் பதிமூணு வருசமாச்சுடா. ஒம் மகளுக்காச்சும் அந்தப் பேரு இருந்தா ஒரு தடவ கூப்புட்டுட்டுச் செத்துருவேன். அவரு மேல இருக்க கோவத்துல என்னையும் சேத்து வெட்டிப்புட்டியே" என்றாள். அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் இவளை நினைக்கவில்லை. குனிந்து அவள் காதில் உண்மையைச் சொன்னேன்.

ஆத்தா என்னை வெறித்துப் பார்த்தாள். முழங்கையை ஊன்றி எழுந்து, வாசல் பக்கம் திரும்பி, இத்தனை நோவுக்குள் எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், கத்திக் கூப்பிட்டாள். "ஏ காத்தாயீ! இங்கிட்டு வா, வந்து கஞ்சி குடி!"

முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகள் விளையாட்டை மறந்துவிட்டாள். "வரேன் அப்பத்தா!" என்று ஓடிவந்தாள். விறகு உடைத்துக்கொண்டிருந்த ஐயா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே நிலைப்படிக்கு வந்தார். முகமெல்லாம் கண்ணீர். "இதானாடா பேரு? நெசமா இதானா? பொழச்சேன், நான் பொழச்சேன் தாயீ" என்று குழந்தையின் தலையைத் தொடக் கை நீட்டினார்.

பொழச்சேன் என்ற அந்தச் சொல்தான். அந்தக் கையைப் பிடித்துத் திருகினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டும் விடவில்லை. கீழே தள்ளி மிதித்தேன். கடலைக்கொல்லையில் செய்யவேண்டியதைப் பதிமூன்று வருஷம் கழித்து, எழுபது வயதுக் கிழவனிடம் செய்துகொண்டிருந்தேன். லட்சுமி ஓடிவந்து என்னை இழுத்தாள். மகள் அலறிக்கொண்டு போய் அவர் மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள். "அடிக்காதப்பா, தாத்தாவ அடிக்காதப்பா" என்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். என் அக்கா ஐயாவைப் பார்த்தபோது அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் பக்கம் முதுகு இருந்தது. இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆத்தா அதற்குப் பின் பதினோரு நாள் இருந்தாள். தண்ணீர் வேண்டும், விசிறி வேண்டும், ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கட்டுப் போட்ட கையோடு ஐயா முற்றத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் கூப்பிடு என்று ஆத்தாவிடம் சொல்ல என்னால் முடியவில்லை. காரியம் முடிந்ததும் புறப்பட்டுவிட்டோம். இனி அந்த ஊருக்கு நான் போகப்போவதில்லை. மகள்தான் தாத்தா கை சரியாகிவிட்டதா, எப்போது போவோம் என்று கேட்கிறாள்.

இங்கே முள்வேலியைப் பிரித்துவிட்டார்கள். வாசலில் யாரும் பெயர் கேட்பதில்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து காத்தாயி என்று கூப்பிடுகிறேன். வருகிறாள். வருவதற்கு முன்னால், கொஞ்ச தூரத்திலேயே நின்று, என் கைகளைப் பார்க்கிறாள்.