நான் முத்திரை குத்திய பாட்டில்

புனே ஏரவாடாவில் எங்கள் சந்து முனையில் ஒரு தேசி தாரு கடை, அதாவது நாட்டுச் சாராயக் கடை இருந்தது. பத்தாம் வகுப்புப் படித்த என் மகள் அதைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போய்வர வேண்டும். ஒரு நாள் கடை வாசலில் நின்ற ஒருவன் அவள் பையைப் பிடித்து இழுத்துவிட்டான். "இனிமே நான் போமாட்டேன்மா" என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே போகவும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மகாராஷ்டிராவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வார்டுப் பெண்கள் போதுமான கையெழுத்துடன் மனுக் கொடுத்தால், கடை வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு நடத்துவார்கள். பெண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. சீட்டில் இரண்டே படம். நிற்கிற பாட்டிலில் முத்திரை குத்தினால் கடை இருக்கட்டும் என்று அர்த்தம். படுத்த பாட்டிலில் குத்தினால் மூடு என்று அர்த்தம். படுத்ததை மராத்தியில் 'ஆட்வி பாட்லி' என்பார்கள். ஆனால் பட்டியலில் உள்ள மொத்தப் பெண்களில் பாதிக்கு மேல் அதில் குத்தினால்தான் கடை மூடும். சோம்பல்பட்டு வீட்டில் இருப்பவளும் கடைக்காரனுக்குத்தான் உதவி செய்கிறாள்.

இரண்டு வாரம் வீடு வீடாக அலைந்தேன். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் மராத்தி, கோபம் வந்தால் இந்தி. ஊர்த் திருவிழாவுக்கு டிக்கெட் எடுத்திருந்த ஒருத்தியிடம் சண்டை போட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட வைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் முன்னால் ஒரு காலி பாட்டிலைத் தரையில் கிடத்தி, "இதும்மேல குத்துங்க, இதும்மேல மட்டும்" என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தேன்.

ஓட்டு நாளன்று மாநகராட்சிப் பள்ளியில் வரிசை தெருவரை நின்றது. என் முறை வந்து மறைப்புக்குள் போனேன். சீட்டைப் பிரித்ததும் அந்த நிற்கிற பாட்டில் என் கண்ணில் பட்டது. என் மகளை வீட்டில் உட்கார வைத்த சனியன் இதுதானே என்று ஒரு வெறி வந்தது. ஒழிந்து போ என்று முத்திரையை எடுத்து அதன் தலையிலேயே ஓங்கிக் குத்தினேன்.

குத்திய பிறகுதான் உறைத்தது. கடை இருக்கட்டும் என்றல்லவா குத்தியிருக்கிறேன்! வேறு சீட்டுக் கேட்க வாய் வரவில்லை. வார்டுக்கே பாடம் எடுத்தவள் எந்த முகத்தோடு கேட்பது? மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலமே எண்ணினார்கள். பள்ளி வாசலில் மற்ற பெண்களோடு காத்திருந்தேன். ஒரே ஒரு ஓட்டில் தோற்றுவிட்டால் அந்த ஓட்டு என்னுடையது. என் மகளிடம் என்ன சொல்வேன்?

படுத்த பாட்டில் பாதியைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில்தான். அதிகாரி அறிவித்ததும் பெண்கள் கூச்சல் போட்டு ஆடினார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கூடவே அலைந்த எதிர்வீட்டுப் பெண், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினாள். அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, உன் ஓட்டையும் வாங்கிக்கினு தோத்துருக்கான் பாரு. அவனுக்கு இதவிட அசிங்கம் வேணுமா?"

அதைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

உத்தரவு வந்து கடைக்குப் பூட்டுப் போட்ட மறுநாள் மகள் டியூஷனுக்குக் கிளம்பினாள். துணைக்கு வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். அவள் திரும்பும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வந்தாள், செருப்பைக் கழற்றினாள்.

"பசிக்குதும்மா, இன்னா இருக்கு?"

வழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்காமல் தட்டை எடுத்து வைத்தேன்.