ஜீரோ வாட் பல்புகளும் எங்கள் பாதிப் பங்கும்

"இவ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்றதுக்குள்ள எங்க வீட்டு மீட்டர் தேஞ்சிடும்" என்று வீட்டுக்கார அம்மா கிணற்றடியில் என் அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே துணி அலசிக்கொண்டிருந்தேன். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார். "உங்க குடும்பத்துல யாராவது லைட்டு போட்டுப் படிச்சிருக்காங்களா?" என்று அடுத்த கேள்வியும் வந்தது. அம்மா சிரித்து மழுப்பினாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

யாரும் படித்ததில்லை என்பது உண்மைதான். அப்பா மேற்குத் தாம்பரத்தில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் கட்டை ஏற்றி இறக்கினார். சம்பளம் வாங்கும்போது பெருவிரலில் மை தடவிக்கொள்வார். அம்மாவுக்கு பஸ்ஸின் போர்டு படிக்கத் தெரியாது. அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதுவரை வந்த முதல் ஆள் நான். விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். இதைக் குனிந்த தலையோடு சொல்ல எனக்கு வராது.

முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். பின்கட்டில் ஓர் அறையும் சமையல் மூலையும் எங்களுக்கு. வீட்டுக்கு ஒரே மீட்டர், அது அவர்கள் முன்வராந்தாவில். பில் வந்ததும் அந்த அம்மா பின்கட்டு வாசலில் வந்து நின்று, "ரெண்டு குடித்தனம், ரெண்டு பங்கு" என்பார். அவர்களிடம் மூன்று ஃபேன், ரேடியோ, இஸ்திரிப்பெட்டி. எங்களிடம் ஒரு நாற்பது வாட் பல்பு. எங்கள் தெருக்களில் அப்போது அதுதான் வழக்கம். பின்கட்டில் இருப்பவன் பாதி கொடுப்பான், கேள்வி கேட்க மாட்டான். அப்பாவும் கேட்டதில்லை.

சிக்கனம் பற்றி அந்த அம்மா எங்களுக்குப் பாடம் நடத்தியதுதான் என்னால் பொறுக்க முடியாதது. சிக்கனம் என்ன என்று எங்களைக் கேட்டிருக்கலாம். கத்திரி வெயிலில் சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டு அதன் அடியில் படுத்தோம். அந்த வெயிலிலேயே மில்லிலிருந்து அப்பா கொண்டுவரும் மரத்தூளைக் கொல்லையில் பரப்பிக் காயவைத்து, டின்களில் அடைத்தோம். மழைக்காலத்தில் விறகு நமத்துப் புகையும்போது அந்தத் தூள்தான் சோறு பொங்கியது. தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கிக் கெட்டித்துவிட்டு, பாட்டிலைத் திருகி உருவ வேண்டும். சரியாகக் கெட்டித்தால் சோறும் குழம்பும் ஆகி, குளிக்க வெந்நீரும் வைக்கலாம். தளர்வாக இருந்தால் பாதியில் சரிந்து அணைந்துவிடும். என் அடுப்பு சரிந்ததில்லை.

"சுவரெல்லாம் கரி. படிச்ச பொண்ணுக்கு இதுகூடவா தெரியாது?" என்பார் அந்த அம்மா, தன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு முன்னால் நின்றுகொண்டு.

அவர்கள் கத்தோலிக்கர்கள். டிசம்பர் பிறந்ததும் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அதற்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு. அந்த வருஷம் அது போதாதென்று, ஹாலில் இருந்த இயேசு படத்துக்கு முன்னால் சிவப்பில் ஒன்று, படிக்கட்டில், குளியலறையில், இரண்டு படுக்கையறைகளிலும், வராந்தாவில் என்று வீடு முழுக்க ஜீரோ பல்புகள். பொழுது சாய்ந்தால் போட்டு, விடிந்த பிறகுதான் அணைப்பார்கள். படத்தின் முன்னால் இருப்பதை அணைப்பதே இல்லை. ஜீரோ என்றால் மீட்டர் ஓடாது என்று அந்த அம்மா உறுதியாக நம்பினார். அவர் மட்டுமா, அந்தத் தெருவில் சம்பளக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

ஜனவரியில் வந்த பில் வழக்கத்தைவிட அதிகம். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. பின்கட்டுக்குக் கரண்ட் போகும் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.

"பாதிப் பங்கை வை. கட்டையைப் பத்தி அப்புறம் பேசலாம். ராத்திரியெல்லாம் லைட்டு போட்டுகினு உக்காந்தா இப்படித்தான்" என்றார்.

பொதுத் தேர்வு மார்ச்சில். எனக்கு வெளிச்சம் வேண்டும். ரேஷனில் கிடைத்த கிருஷ்ணாயில் சமையலுக்கும் விளக்குக்கும் போதாது. ஒரு சொட்டுக்கூட அடுப்புக்குப் போகக் கூடாது என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். காலை காபியையும் தூள் அடுப்பிலேயே போட்டோம். அரிக்கேன் விளக்கின் புகையில் கண் எரிய, மின்சாரம் பற்றிய பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வாட் என்றால் என்ன, யூனிட் என்றால் என்ன என்று எழுதியிருந்தது. படிக்கப் படிக்கக் கோபம் ஏறியது. வெளிச்சம் தருகிற எதுவும் மின்சாரம் தின்னாமல் தராது. அந்த அம்மாவின் வீட்டில் ஏழு பல்புகள் விடிய விடியத் தின்றுகொண்டிருந்தன. பழி என் ஒற்றை பல்பின் மேல்.

"இன்னாத்துக்கும்மா வம்பு? குடுத்துட்டுப் போலாம்" என்றார் அப்பா.

"குடுக்கறது வேற. நான்தான் தின்னேன்னு ஒத்துக்கறது வேற" என்றேன்.

அடுத்த ஞாயிறு, அவர்கள் பூசை முடிந்து வந்ததும் முன்வராந்தாவில் போய் நின்றேன். வீட்டுக்கார சார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பட்டணத்தில் ஏதோ ஆபீசில் வேலை. தினம் எலெக்ட்ரிக் ரயிலில் போய் வருபவர், அதிகம் பேச மாட்டார்.

"சார், எல்லா ஃபேனையும் லைட்டையும் அணைச்சுட்டு ஜீரோ பல்பு மட்டும் போடுங்க. மீட்டரைப் பார்க்கணும்."

"இவ யாருங்க நம்ம வீட்ல வந்து அதிகாரம் பண்றதுக்கு? ஜீரோன்னா ஜீரோதான். ஸ்கூல்ல கணக்கு சொல்லித்தரலையா?" என்றார் அந்த அம்மா.

"சொல்லித்தந்தாங்க. அதான் வந்தேன்."

சாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு சுவிட்சாக அவரே போய் அணைத்தார், ஜீரோக்களைப் போட்டார். மீட்டரின் கண்ணாடிக்குள் இருந்த தகடு நிற்கவில்லை. அதன் சிவப்புக் கோடு மறைந்து மறைந்து, நிதானமாக, வெட்கமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"இப்ப இதையெல்லாம் அணைச்சுட்டு என் பல்பை மட்டும் போடுங்க. பீஸ் கட்டை இல்லாம எரியாது சார்."

அவர் அலமாரியைத் திறந்து கட்டையை எடுத்து மாட்டினார். பின்கட்டில் அம்மா சுவிட்சைப் போட்டாள். சிவப்புக் கோடு போனது, திரும்பி வரவே மனமில்லாததுபோல இழுத்துக்கொண்டே இருந்தது.

"பழைய மீட்டர். இப்படித்தான் இஷ்டத்துக்குச் சுத்தும்" என்றார் அந்த அம்மா.

"சும்மா இரு" என்றார் சார்.

அவ்வளவு காலம் அந்த வீட்டில் இருந்து, அவர் மனைவியிடம் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு இனித்தது. அந்த இனிப்பை மறைக்கவும் முயலவில்லை. ஆனால் படத்தின் முன்னால் இருந்த சிவப்பு பல்பை நானே போய்ப் போட்டேன். இயேசுவோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தவறு என்றோ மன்னித்துக்கொள் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என்னைப் போன்றவளிடம் அப்படிச் சொல்ல அவர்கள் பழகியவர்கள் அல்ல.

சார்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இனிமே ஒரு பல்புக்கு என்ன ஆகுமோ அதை மட்டும் குடும்மா. கட்டையை யாரும் எடுக்க மாட்டாங்க. நீ நல்லா படி."

நல்ல மனிதர். ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் அப்பா அவர் காலில் விழுந்திருப்பார், நானும் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் அந்த வெளிச்சம், அந்த அம்மா மறுபடி கட்டையைப் பிடுங்கும் வரைக்கும்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் அவருக்கு எந்தக் கோபம் வரும் என்று யார் கண்டது?

"வேணாம் சார். வர்ற வெள்ளிக்கிழமை காலி பண்றோம்" என்றேன்.

"எங்க போவீங்க?"

பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில், அப்பாவோடு மில்லில் வேலை செய்பவரின் வீட்டில் ஓர் ஓட்டு அறை. அதற்குத் தனி மீட்டர். இரண்டு நாள் முன்பே அப்பாவை இழுத்துக்கொண்டு போய்ப் பேசி முடித்து, சாவியும் வாங்கி வந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தும் பார்த்துவிட்டேன். முதல் மணி அடிக்கும் நேரத்துக்குள் வந்து சேர முடிந்தது.