பால் சென்டர் எதிரே நின்ற பரிசோதனை வண்டி

வியாழக்கிழமை, காலை 5.40. மாதவரத்தில் திருப்பதி பஸ் ஏறினேன். புத்தூர் வரை டிக்கெட் 165 ரூபாய். பக்கத்து இருக்கையில் மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாள், மடியில் வாழைப்பழச் சீப்போடு உட்கார்ந்திருந்தார்.

“மலைக்கு நடந்து ஏறுறீங்களா, பஸ்ஸா?” என்று கேட்டார்.

“நான் புத்தூர்லயே இறங்கிடுவேன்.”

“அடடா. எந்தக் கை?” என்று என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். புத்தூரில் இறங்குகிறவர்கள் எல்லாரும் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் என்பது அவர் எண்ணம். கை இரண்டும் நன்றாக இருக்கின்றன, நான் போவது மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டிக்கு என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை நாளா?” என்றார்.

எனக்கு நோய் இல்லை. நான் ஊர் சுற்றி எழுதுகிறவள். திருப்பதியில் டாக்டராக இருக்கும் என் தோழி ஒரு நாள் வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறாள். இதைப் புரியவைக்க ஊத்துக்கோட்டை வரை ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தார். “இருந்தாலும் தெம்பா இருக்கணும்” என்றார். சாப்பிட்டேன்.

காலை 8.35. புத்தூர். பஸ் நிலையத்துக்கு வெளியே வெளிர்நீல வண்டி நின்றது. ஒரு சின்ன பஸ்ஸின் அளவு. உள்ளே மார்பகத்தைப் படம் எடுக்கும் இயந்திரம், ஏ.சி., திரை போட்ட ஓர் அறை. படியில் டாக்டர் சுஜனா நின்றாள். சென்னையில் என்னோடு ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தவள். வீட்டில் தெலுங்கு, தமிழை என்னிடம்தான் கற்றாள். அதனால் அவள் தமிழில் உள்ள தவறுகளுக்கு நானே பொறுப்பு.

டிரைவர் சலபதிக்கு நாற்பது வயது இருக்கும். இதற்கு முன் தேர்தல் பிரசார வண்டி ஓட்டியவர். “எந்தக் கட்சிக்கு?” என்றேன். “அட்வான்ஸ் குடுத்த கட்சிக்கு மேடம்” என்றார்.

நகரிப் பக்கமாக ஒன்பது கிலோமீட்டர். கரும்பு, மாந்தோப்பு, தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள். மாவட்டங்களைப் பிரித்தபோது புத்தூர் திருப்பதியோடு போய்விட்டது. நாங்கள் போன ஊர் சித்தூரிலேயே நின்றுவிட்டது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு ஒருவர் கேட்டுக்கொண்டார். அதனால் எழுதவில்லை. வீட்டில் தமிழ், சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்தில் தெலுங்கு, செல்போனில் இரண்டும் பேசுகிற விவசாயக் குடும்பங்கள்.

காலை 9.20. பால் சென்டர் எதிரே, புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். ஒரு நாளைக்கு முப்பது பேருக்குப் படம் எடுக்கலாம். முக்கால் மணி நேரம் ஒருவரும் வரவில்லை. கதவு இடுக்குகளில் கண்கள் மட்டும் தெரிந்தன.

முதலில் வந்தது ஓர் எருமை. கயிற்றைப் பிடித்து வந்த பெண், “ரெண்டு நாளா மேயல டாக்டரம்மா” என்றார். மாட்டு வைத்தியத்துக்கும் இதே போல ஒரு வண்டி வருமாம். இது பெண்களுக்கானது என்று சுஜனா சொன்னாள்.

“இதுவும் பொம்பளதான் மேடம்!”

சுஜனா இறங்கி எருமையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். வாயு போலத் தெரிகிறது, மாட்டு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அந்த மரியாதைக்காகவே அந்தப் பெண் எருமையை மரத்தில் கட்டிவிட்டுத் தன் பெயரைக் கொடுத்தார். எங்கள் முதல் ஆள்.

இதற்குள் சலபதி மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். “அக்கா தங்கச்சிகளே, நாற்பது வயசு தாண்டின தாய்மார்களே! உங்க வாசல் தேடி வந்துக்கீது நம்ம வண்டி! பைசா செலவு இல்ல! மறக்காம, உங்க பொன்னான ஓட்டை...” என்று வந்த வேகத்தில் நிறுத்தினார். “...உங்க பொன்னான உடம்பை, நீங்க காப்பாத்தணும்!”

“யாருப்பா அது, காலங்காத்தால?” என்று பால் சென்டருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அதன் பின்னால் கையில் ஈரக் கேன் மூடியோடு ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயது, அகன்ற தோள், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவர்தான் தேசம்மா. காலையும் மாலையும் அந்த ஊரின் பால் முழுவதும் அவர் கையால்தான் அளக்கப்படுகிறது. யார் பாலில் எவ்வளவு கொழுப்பு, யார் பாலில் எவ்வளவு குழாய்த் தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று ஊருக்கும் தெரியும்.

சுஜனா விஷயத்தைச் சொன்னாள். தேசம்மா நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். பிறகு ஒரு காலி கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். மைக் தேவைப்படவில்லை.

“ஏமே, கதவாண்ட நின்னுக்கினு இன்னா பாக்குறீங்க? வாங்க இங்க!”

ஐந்து நிமிடத்தில் இருபது பெண்கள் நின்றார்கள்.

“மார்ல கட்டி கீதான்னு பாக்குறாங்களாம்.”

“கட்டின்னா புத்தூர்ல போயி கட்டு போட்டுக்கினா போச்சு” என்றார் ஒருவர்.

“உன் வாய்க்கு மொதல்ல போடணும் கட்டு. பால்ல தண்ணி கலந்தா உன் கண்ணுக்குத் தெரியுதா? தெரியாது. மெஷின்ல வெச்சா தெரியுது. அப்டிதான் இதுவும்.”

“அப்போ எங்க மார்ல தண்ணி கலந்துக்கீதான்னு பாக்குறாங்களா?”

சிரிப்பு அடங்க நேரமானது. சிரித்த பெண்கள் பயத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தேசம்மாவுக்கு வேகம் போதவில்லை. “வண்டி ஏறாதவ பாலு சாயந்திரம் என் கேன்ல ஏறாது!” என்று அறிவித்தார்.

சுஜனா ஓடி வந்தாள். “தேசம்மகாரு, வத்து வத்து! பலவந்தம் கூடாது. இஷ்டம் இருக்கிறவங்க வரட்டும். இல்லேன்னா பரவாயில்ல.”

“சரேலே” என்று இறங்கினார் தேசம்மா. “இஷ்டப்பட்டு ஏறுங்கடி!”

பகல் 1.15. பதினெட்டுப் பேருக்குப் படம் எடுத்தாகிவிட்டது. இறங்கியவர்கள் வரிசையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சப்பாத்தி மாதிரி அழுத்துவார்கள் என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, ஏ.சி. நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை போகலாமா என்றார் எருமைக்காரப் பெண்.

பால் சென்டருக்குள் தேசம்மா எனக்குக் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார். “துன்னு மேடம், டவுன்ல இது கெடைக்காது.”

“எல்லாரையும் ஏத்தி விட்டீங்க. நீங்க ஏறலையே?” என்றேன்.

“எனக்கு இன்னா? குண்டுக்கல்லு மாதிரி கீறேன்.” களியை உருட்டியவர், நிமிர்ந்து பார்த்தார். “ஆமா, நீ எடுத்துக்கினியா?”

எனக்கு வயது ஐம்பத்தொன்று. சுஜனா பத்து வருடமாகப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பத்து வருடமாக “அடுத்த மாதம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை எல்லாம் சொல்லாமல், “இல்லை” என்று மட்டும் சொன்னேன்.

“அட! நோட்டுப் புஸ்தகம் எடுத்துக்கினு எங்கள எழுத வந்துட்ட. நீ மட்டும் ஏறலையா?”

நான் சட்னியைத் தொட்டுக்கொண்டேன். பிறகு தேசம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மூணு மாசமா கீது மேடம். மொச்சக்கொட்ட அத்தினி. நொப்பி இல்ல. வலிச்சாதானே நோவு? அதான் உட்டுட்டேன்.”

ஊருக்கே உபதேசம் செய்த பெண்மணி, மூன்று மாதமாக அதைச் சுமந்துகொண்டு பால் அளந்திருக்கிறார்.

“சுஜனாகிட்ட சொல்லலாமே.”

“பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு கீறோம். ஆத்தாளுக்கு இப்டின்னு தெரிஞ்சா யார் வருவா? நோவுக்குப் பேரு வெச்சிட்டா, அது வந்து குந்திக்கும்.”

“நான் ஏறினா நீங்க ஏறுவீங்களா?” என்று கேட்டேன். அதைச் சொன்ன பிறகுதான் நான் ஏற வேண்டியிருக்கும் என்பதே உறைத்தது.

தேசம்மா கை கழுவினார். “நீ மொதல்ல.”

உள்ளே குளிர். ரவிக்கையைக் கழற்றி இயந்திரத்தின் முன் நின்றேன். தட்டுகள் அழுத்தின. சில விநாடிகள் வலித்தது. கத்தும்படி இல்லை, திட்டும்படி இருந்தது. சுஜனாவைத் திட்டினேன். “பத்து வருஷம் லேட்டா வந்துட்டு வாய் வேற” என்றாள் அவள். படம் பார்த்தாள். கட்டி எதுவும் இல்லை. அடுத்து தேசம்மா.

சுஜனா திரையில் படத்தைப் பெரிதாக்கினாள், கையால் தொட்டுப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துத் தேசம்மாவின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒரு கட்டி இருக்கு. கேன்சர்னு நான் சொல்லல. இல்லேன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்கே திருப்பதி வரணும். ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும். வலி இல்லாத கட்டியையும் பார்த்தாகணும்.”

தேசம்மா ரவிக்கைக் கொக்கியை மாட்டப் பார்த்தார். அது மாட்டிக்கொள்ளவில்லை. நான் மாட்டிவிட்டேன்.

“நாளைக்குப் பாலு யார் அளப்பா?” என்றார்.

வெள்ளிக்கிழமை, காலை 10.10. திருப்பதி. நான் சுஜனா வீட்டில் தங்கிவிட்டேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எண்பது ரூபாய் கேட்டார்கள், அறுபதுக்கு வந்தேன். தேசம்மா யாருக்கும் தெரியாமல் தனியாக வருவதாகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் எட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் தேசம்மா, பிடிபட்ட முகத்தோடு.

“யார்கிட்டயும் சொல்லல மேடம். எருமக்காரிகிட்ட மட்டும் பாலு அளக்கச் சொன்னேன். அவ ஏன்னு கேட்டா. சொன்னேன்.”

“ஆந்திரா பஸ்ல எங்களுக்கு ஓசி” என்றார் கூட்டத்தில் ஒருவர். “ஆதாரு காட்டினா போதும். ஒருத்தி வந்தாலும் எட்டுப் பேர் வந்தாலும் டிக்கெட்டு ஒண்ணுதான். சைபரு.”

எட்டுப் பேரும் புளிசாதத் தூக்கு, தண்ணீர்ப் பாட்டில், ஒரு தலையணை கொண்டுவந்திருந்தார்கள். நோயாளியோடு ஒருவருக்குத்தான் அனுமதி என்றார் காவலர். நாங்கள் எட்டுப் பேரும் அக்கா தங்கச்சிகள் என்றார்கள். அவர் எட்டு முகங்களையும் பார்த்துவிட்டு, “ஒரே அப்பாவா?” என்று தெலுங்கில் கேட்டார். “ஒரே பால் சென்டர்!” என்று பதில் வந்தது. உள்ளே விட்டுவிட்டார்.

ஊசி போடும்போது ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். தேசம்மா என்னைக் காட்டினார். மேற்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவர், என் விரல்களைக் கேன் மூடியை முறுக்குவதுபோல முறுக்கினார். முடிவு வர ஒரு வாரம் ஆகும்.

வெளியே வந்ததும், வந்ததே வந்தோம், மலைக்குப் போய்விட்டு வரலாம் என்று ஏழு பேரும் கிளம்பினார்கள். “நீங்க எனக்குத் துணைக்கு வந்தீங்களா, சாமி பாக்க வந்தீங்களா?” என்று தேசம்மா கத்தினார். அன்று காலையிலிருந்து அவர் குரல் பழையபடி கேட்டது அப்போதுதான். ஏழு பேரும் அடங்கி, அவரோடு புத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள்.

பதினெட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. மறுபடி மாதவரம், மறுபடி பஸ். முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். ஆனால் சின்னது, வேறெங்கும் பரவவில்லை. முழு மார்பையும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியையும் சுற்றிலும் கொஞ்சத்தையும் முந்தின நாள் எடுத்துவிட்டார்கள். தையல் ஆறியதும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும்.

வார்டில் தேசம்மா சாய்ந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் பாலை டம்ளரில் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாதி தண்ணி” என்றார் நர்ஸிடம். “யார் குடுக்கறாங்க, கூப்புடு.”

பக்கத்தில் அவர் மகள் நின்றாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே சொல்லிவிட்டாளாம்: அம்மாவுக்கு இப்படி, சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், வைத்தியம் நடக்கிறது. வந்தவர்களில் ஒரு குடும்பம் திரும்பிப் போய்விட்டது. இன்னொரு குடும்பத்தில், மாப்பிள்ளையின் தாயார் மட்டும் பின்கட்டுக்கு வந்து, அந்த வண்டி எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று மெதுவாகக் கேட்டாராம்.

“போனவங்க போவட்டும்” என்றார் தேசம்மா. “எருமக்காரி அளக்குறா, பாலு நிக்கல மேடம், அது போதும்.” பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அவர் முதுகைத் தடவினாள். நான் வாங்கி வந்த பழங்களை எடுத்து வைப்பதுபோல நேரம் கடத்தினேன்.

மாலை 3.30. திரும்பும் பஸ். வடமாலப்பேட்டை தாண்டியதும் என் வீட்டை நினைத்துக்கொண்டேன். சென்னையில் எங்கள் குடியிருப்பில் இருபத்துநான்கு வீடுகள். ஸ்கேன் சென்டர் நானூறு மீட்டரில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்காரர் வீட்டுக்கே வருகிறார். வாட்ஸப் குழுவில் தண்ணீர் மோட்டாரைப் பற்றி வருடம் முழுக்கச் சண்டை போடுகிறோம். இருபத்துநான்கு வீட்டுப் பெண்களில் யார் பரிசோதித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் யாரையும் கேட்டதில்லை. எங்களிடம் கேன்மேல் ஏறி நிற்க ஆள் இல்லை.

நாகலாபுரத்தில் பஸ் நின்றபோது குழுவில் எழுதினேன்: “ஞாயிறு காலை பத்து மணி. நாற்பது தாண்டிய பெண்கள் கீழே வாருங்கள். எல்லாரும் சேர்ந்து மார்பகப் பரிசோதனைக்குப் போகலாம்.”

முதலில் மோட்டார் பற்றி ஒரு பதில் வந்தது. பிறகு ஒரு கும்பிடு. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஊத்துக்கோட்டையைத் தாண்டும்போது, நான்கு வருடமாக என்னோடு பேசாத மூன்றாம் மாடி அம்மாள் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

“ஒரு கட்டி இருக்கிறது. ஞாயிறு வரை காத்திருக்கலாமா?”

“வேண்டாம்” என்று எழுதினேன். “இன்று ஏழு மணிக்கு வந்துவிடுவேன், சேர்ந்தே டாக்டரிடம் போகலாம். புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருங்கள்.”