மணப்பாட்டில் ஒதுங்கினோம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன். கடிதம் எழுதினாலே ‘நலம், நலமறிய ஆவல்’ தாண்டியதும் என் கை நின்றுவிடும். போதாததற்குக் கொல்லிமலைக்காரன். கடலைப் பற்றிச் சொல்ல எத்தனையோ கடற்கரைக்காரர்கள் இருக்கையில், மலையில் மிளகு காயவைத்துக்கொண்டிருப்பவன் வாயைத் திறப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

போன வாரம் மூன்று நாள் விடாமல் மார்கழித் தூறல். வீடெல்லாம் ஈர வாடை. என் மனைவி கரண்டியில் தணல் எடுத்து அதில் குங்கிலியம் போட்டாள். புகை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன்.

“ஏனுங்க, மொளகு நனையுது, இங்க நின்னுட்டு என்ன பண்றீங்க?”

“கடலுக்குப் போயிட்டேன்.”

“போறதுதான் போனீங்க, தார்ப்பாய இழுத்து மூடிட்டுப் போயிருக்கலாமில்ல?”

அவள் மேல் தப்பில்லை. தூத்துக்குடித் தோணிகளில் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த வாசனைக்குள் நான் இரண்டு வருஷம் சோறாக்கியிருக்கிறேன்.

நான் அங்கே போனது தற்செயல்தான். செம்மேட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் ராவுத்தர் ஒருவர் அங்கேதான் சாப்பிடுவார். ஒருநாள் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “ஏங்கண்ணு, தூத்துக்குடியில எங்க மச்சானோட தோணிக்கு ஒரு ஆள் வேணுமாம். கடல்ல ரசம் வெப்பியா?” என்றார். வைப்பேன் என்று தலையாட்டினேன். அதுவரை நான் கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தேன்.

தோணியில் சமையல்காரனைப் பண்டாரி என்பார்கள், தலைவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் சூசை. என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். அதற்கு முன் வேறு தண்டல்களுக்குக் கீழே ஓடியவர், தானே தண்டலாகப் போகும் முதல் நடை அது, எனக்கும் முதல் பயணம். மார்கழி மாதம், உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு கொச்சிக்கு. இஞ்சின் இருந்தது. ஆனால் அது துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியே வரவும் மட்டும்தான். மற்றபடி ஓட்டமெல்லாம் பாய் விரித்துத்தான்.

சரக்கு ஏற்றியபின் காற்றுக்காக வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் தண்டல் எல்லோரையும் உட்காரவைத்து, பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கரையை வளைத்துக் கோடு போட்டார். திருச்செந்தூர், மணப்பாடு, குமரி, குளச்சல், விழிஞ்சம். போகிற கொச்சியைப் பற்றி ஒரு வார்த்தைதான் பேசினார். காற்று கெட்டால் எங்கெங்கே ஒதுங்கலாம் என்பதைத்தான் நெடுநேரம் பேசினார்.

“கரைய ஒட்டிப் போவக்கூடாது. தென்னைய ஒண்ணு ஒண்ணா எண்ண முடிஞ்சா கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம். கோயில் கோபுரம் தெரியட்டும், போதும்.”

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் பாதையின் மேட்டுப்பக்கத்தைக் கையால் தொட்டுக்கொண்டே நடப்போம். மண்ணோடு ஒட்டியிருப்பதுதான் எங்களுக்குப் பத்திரம். கடலில் மண்தான் ஆபத்தாம்.

குமரி தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வாடைக்காற்று பாய்ந்து வரும் என்றார். அது கடுமையாக அடித்தால் எதிர்த்து நிற்கக்கூடாது. பாயைச் சுருக்கிக்கொண்டு அதன் போக்கில் ஆழ்கடலுக்குப் போய், இரண்டு மூன்று நாள் பொறுத்துத் திரும்ப வேண்டும். “அதனால ஏழு நாள் ஓட்டத்துக்குப் பத்து நாள் தண்ணி வேணும். மணப்பாடு நேரா வர்றப்ப முடிவு பண்ணுவோம், போறதா ஒதுங்குறதான்னு.”

பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டார். பாய் சரியா, கயிறு சரியா. பண்டாரி சொன்னால்தான் நங்கூரம் எடுப்பது என்பது அவர் வைத்திருந்த வழக்கம். எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எட்டுப் பேர் பார்த்தால் எனக்கு உண்மை பொய் எதுவும் ஓடாது, எப்படியாவது அந்தப் பார்வை விலகினால் போதும் என்றிருக்கும்.

“தண்ணி பத்து நாளைக்கு வருமா?”

“வருமுங்க.”

டிரம்மைத் திறந்து பார்க்காமலே சொன்னேன். திறந்து பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே ஊற்று. அதிலிருந்து குழாய் போட்டு வாசலில் விட்டிருந்தோம், இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தீரும் என்பது நான் படித்த பாடத்தில் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் பாய் விரித்தோம். திருச்செந்தூர்க் கோபுரம் பின்னால் போன பிறகு, மதியச் சோற்றுக்கு டிரம்மில் சொம்பை விட்டேன். தகரத்தில் இடித்தது. மற்ற இரண்டையும் தட்டிப் பார்த்தேன். ஒன்று காலி, இன்னொன்றில் அரைக்கும் கீழே.

குளிக்காமல் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மற்றவர்கள் எழுவதற்கு முன்னே, கூச்சத்தில், சமையல் பெட்டிக்குப் பின்னால் மறைந்து தினமும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அரிசியை நான்கு தரம் கழுவினேன். சட்டி பானைக்கும் அதே தண்ணீர். கடல் தண்ணீரில் கழுவு என்று யாரும் சொல்லவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

மணப்பாட்டுக் குன்றும் அதன் மேல் கோயிலும் முன்னால் தெரிய ஆரம்பித்துவிட்டன. நான் வாயைத் திறக்காவிட்டால் தண்டல் குமரிக்குத்தான் விடுவார். அங்கே காற்று எங்களை வெளியே தள்ளினால் ஒன்பது பேருக்கும் குடிக்க இரண்டு நாள் தண்ணீர்தான். இது தெரிந்தும், தண்டல் நின்றிருந்த பின்பக்கத்துக்கு மூன்று தரம் போய்ப் போய்த் திரும்பினேன்.

சுக்கான் பிடித்திருந்த ராயப்பன், “என்னவே பண்டாரி, கோயில் சுத்துதீரா?” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொல்லிவிட்டேன். “தண்ணி ரெண்டு நாளைக்குத்தானுங்க வரும். தெனமும் குளிச்சுட்டேனுங்க.”

ராயப்பன் வாய் பிளந்தான். “குளிச்சீரா? நல்ல தண்ணியிலயா? கொல்லிமலை அருவியக் கையோட கொண்டாந்துருக்கோம்னு நெனப்போ?”

தண்டல் போய் மூன்று டிரம்மையும் தானே தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “மணப்பாட்டுக்குத் திருப்பு.”

“மொத நடையிலயே ஒதுங்குனா கரையில என்ன பேசுவானுவன்னு தெரியும்லா?” என்றான் ராயப்பன், மெதுவாக.

“பேசட்டும். நாக்கு வறண்டு செத்தா அப்பவும்தாம்ல பேசுவானுவ.”

எங்களோடு கிளம்பிய இன்னொரு தோணி எங்களைத் தாண்டிப் போனது. அதிலிருந்து சீழ்க்கை அடித்தார்கள். “சூசை, வீட்டு ஞாபகம் வந்துட்டோ?” என்று ஒருவன் கத்தினான். அந்தத் தோணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு முன்னால் கொச்சியில் சரக்கை இறக்கிவிட்டு, ஜாலியாக உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு தூத்துக்குடியில் வெகுநாள் அவரை ‘மணப்பாட்டுத் தண்டல்’ என்று கேலி பேசினார்கள். முதலாளியும் கேட்டார். “காத்து எனக்குப் பிடிக்கல, ஒதுங்குனேன்” என்பதுதான் எல்லோருக்கும் அவர் சொன்ன பதில். தண்ணீர் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. ராயப்பனையும் சொல்லவிடவில்லை. நான் அவரிடம் நன்றி சொல்லப் போனால் என் நாக்கு எங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருஷமும் ரசத்தை மட்டும் அவருக்குத் தெளிவாக எடுத்துவைத்தேன். அவருக்குப் புரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தோணி இப்போது இல்லை. உடைத்துப் பலகையாக விற்றுவிட்டார்களாம். பாயை மட்டும் நம்பி மார்கழியில் குமரியைச் சுற்றுகிறவர்கள் இன்று இருப்பதாகத் தெரியவில்லை. காற்று எப்போது வரும் என்று போனே சொல்லிவிடுகிறது. சூசை தண்டலும் போய்ச் சேர்ந்துவிட்டார். ராவுத்தர் வீட்டுப் பையன் சொல்லித்தான், அதுவும் ஆறு மாதம் கழித்து, எனக்குத் தெரிந்தது. பலகையில் கோடு போட்டு, பண்டாரிவரை ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுக் கிளம்புகிற ஆளை அதன்பின் நான் எந்த வேலையிலும் பார்க்கவில்லை.

அன்று மணப்பாட்டில் இருட்டுவதற்குள் மூன்று டிரம்மையும் நிரப்பினோம். ராயப்பன்தான் என்னோடு சேர்ந்து சுமந்தான்.

மறுநாள் காற்று நன்றாக இருந்தது. விடிந்ததும் கிளம்பி, பிற்பகலில் குமரியைச் சுற்றினோம். அதை வேடிக்கை பார்த்து நின்றதில் சோறு குழைந்துவிட்டது. எட்டுப் பேரும் அதையே வழித்துச் சாப்பிட்டார்கள்.