எதிர்மனுவில் எழுதியிருந்தது

குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில், சுடிதார் பிரிவில் வேலை பார்க்கிறாள் ஜீவிதா. காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நின்றே செய்கிற வேலை. அவள் கணவன் ஆல்வின் கால் டாக்ஸி ஓட்டுகிறவன். மகள் ஜெனிஷாவுக்கு நாலு வயது நடக்கும்போது காட்டாங்குளத்தூரில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். குழந்தைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும் என்று போனில் கேட்டால், "உனக்குத்தான் சம்பளம் வருதே" என்பான்.

ஒரு வருடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு ஒரு வக்கீலிடம் போனாள். முதலில் இருபதாயிரம் வேண்டும் என்றார். அது அவளுக்கு இரண்டு மாதச் சம்பளம். கூட வேலை பார்க்கும் தாயாரம்மாள்தான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"கோர்ட்டுலயே இலவச சட்ட உதவி மையம் கீதுடி. பொம்பளைங்கன்னா வருமானம்கூட பாக்க மாட்டாங்க. என் தங்கச்சி கேஸ அங்கதான் போட்டோம்."

வார விடுமுறையில் ஜீவிதா போனாள். ஆதார், சர்ச்சில் கொடுத்த திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் போதுமாக இருந்தன. ரோஹிணி என்ற வக்கீலை நியமித்தார்கள். ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டார்.

"பீஸ்னு யாருக்கும் ஒரு ரூபா தராதீங்க. ஆனா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்துடணும். நடுவுல அலுத்துப் போய் விட்டுடாதீங்க" என்றார் ரோஹிணி.

மூன்று வாய்தாவுக்கு ஆல்வின் வரவில்லை. நாலாவதற்குத் தன் அம்மா பேபியையும் காசு கொடுத்து வைத்த வக்கீலையும் கூட்டிக்கொண்டு வந்து எதிர்மனு தாக்கல் செய்தான். அதை வராந்தாவில் நின்று படித்த ரோஹிணி, உடனே ஜீவிதாவின் கையில் தரவில்லை.

"குழந்தை தன்னோடது இல்லைனு எழுதியிருக்கார். டி.என்.ஏ. டெஸ்ட் கேக்கறார்."

ஜீவிதா வராந்தாவின் கோடியைப் பார்த்தாள். ஆல்வின் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பிரசவ வார்டில் குழந்தையை முதலில் கையில் வாங்கி, "அப்படியே ஆல்வின் மூக்கு" என்று சொன்ன பேபி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்கட்டும் மேடம். எனக்கு இன்னா பயம்?"

"பயம் இல்லதான். ஆனா எதுக்கு எடுக்கணும்? நீங்க சேர்ந்து வாழ்ந்தப்ப பொறந்த குழந்தை. சட்டப்படி அவர்தான் அப்பா. இழுத்தடிக்கறதுக்காக இப்படி எழுதறாங்க."

இழுத்தடிக்கத்தான் செய்தார்கள். வாய்தா நாளில் சம்பளப் பிடித்தம். அடிக்கடி லீவு போடுகிறாள் என்று கடையில் அவளை குடோனுக்கு மாற்றினார்கள். பதினோரு மாதம் கழித்து பேபி மகனுக்காகச் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினாள்.

"ஆஸ்பத்திரியில அப்பான்னு கையெழுத்துப் போட்டது யாரும்மா?" என்று ரோஹிணி கேட்டார்.

"ஆல்வின்."

"ஞானஸ்நானத்துக்கு?"

"அவன்தான்."

"அப்ப இந்த சந்தேகம் எப்ப வந்தது?"

பேபி மகனைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "இவ கேஸ் போட்டப்புறம்."

டெஸ்ட் கேட்ட மனு தள்ளுபடியானது. இன்னும் ஒரு வருடம் போய், மாதம் ஏழாயிரம், வழக்குப் போட்ட நாளிலிருந்து தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆல்வின் இரண்டு மாதம் கட்டினான். அப்புறம் நிறுத்திவிட்டான். ரோஹிணி மறுபடியும் மனு போட்டார். வாரண்ட் வந்தது.

அன்று இரவு பேபி ஜீவிதாவின் வீட்டுக்கு ஓடிவந்தாள். "உள்ள வச்சிருவாங்களாம்மா. மனுவ வாபஸ் வாங்கிக்க. பணத்த அவன் மெதுவா தருவான்."

"இல்ல அத்தை. கட்டச் சொல்லுங்க. அன்னிக்கு கோர்ட்டுல நீங்க உண்மைய சொன்னீங்க, அதுக்காக உள்ள உக்கார வச்சு டீ குடுக்கறேன். அவ்ளோதான் என்னால முடியும்."

பேபி டீயைக் குடிக்கவில்லை. மறுநாள் தன் செயினை விற்றுக் கட்டினாள். அன்றிலிருந்து மாதாமாதம் பணம் தவறாமல் வருகிறது.

இந்த ஜூனில் ஜெனிஷா நாலாம் வகுப்புக்குப் போனாள். புது நோட்டுகளுக்கு அவளே லேபிள் ஒட்டினாள். எல்லாவற்றிலும் வெறுமனே 'ஜெனிஷா' என்று இருந்தது.

"இனிஷியல் எங்கடி?"

"பீரோல இருந்த பேப்பர படிச்சேன்மா. நான் அவங்க பொண்ணு இல்லனு எழுதியிருக்கு."

ஜீவிதா அவசரமாகத் தீர்ப்பு நகலை எடுத்துவந்து, அது பொய் என்று ஜட்ஜ் சொன்ன இடத்தை விரல் வைத்துக் காட்டினாள். ஜெனிஷா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஜட்ஜ் சொல்லிட்டாங்க. அப்பா மாத்தி சொன்னாரா?"

ஜீவிதா தீர்ப்பு நகலை மடித்தாள். மறுநாள் ஜீவிதாவுக்கு வார விடுமுறை. ஸ்கூலில் டீச்சர் எல்லா லேபிளிலும் பெயருக்கு முன்னால் 'ஆ' சேர்த்து எழுதி அனுப்பினார். ஜெனிஷா வீட்டுக்கு வந்து, பையைக் கழற்றாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு லேபிளாகக் கிழித்தாள். ஜீவிதா தடுக்கவில்லை.